ஐந்து நட்சத்திர வியாபாரி

“இவளைக் கண்டுக்காதீங்க மேடம். ஃபைல் தூக்க ஒரு ஆள் வேணும்னு கூட்டிட்டு வந்தேன்” என்றபடி, ஆடிட்டரம்மாவின் எதிரே இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார் வியாபாரி.

மனைவி சுவரோரம் நின்றாள். மருந்துக் கடையில் பில் போடுகிற வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

வியாபாரி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பகலில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸும் அந்தச் சம்பளத்தில்தான் நடக்கின்றன. ஒரு வருஷமாக, சாயங்காலங்களில் மரத்தில் செல்போன் ஸ்டாண்ட் செய்து ஆன்லைனில் விற்கிறார். வைத்த போன் பாதி நேரம் குப்புற விழும். பேச்சு மட்டும் ஏற்றுமதி, பிராண்டு என்று எட்டு ஊருக்குக் கேட்கும்.

ஆடிட்டரம்மா, வரி ஆபீஸிலிருந்து வந்திருந்த கடிதத்தைப் படித்தார். “போன வருஷம் நானூத்திப் பன்னெண்டு ஸ்டாண்ட் வித்திருக்கீங்கன்னு வெப்சைட்காரங்களே ரிப்போர்ட் அனுப்பியிருக்காங்க. நீங்க ஒரு பைசாகூட வருமானம் காட்டலையே சார்?”

“அதுல முந்நூறு சும்மா மேடம்.”

“சும்மான்னா?”

வியாபாரி தலையைச் சொறிந்தார். “மச்சான், தம்பி, சித்தப்பா பசங்க எல்லாருக்கும் நானே பணம் கொடுத்து ஆர்டர் போடச் சொன்னேன். அஞ்சு ஸ்டார் விழணும்ல? அப்பதானே நம்ம சரக்கு மேல வரும்!”

“உங்க காசுல உங்க சரக்கை நீங்களே வாங்கி, அதுக்கு வெப்சைட்டுக்குக் கமிஷனும் அழுது, இப்ப வரி நோட்டீஸும் வாங்கியிருக்கீங்க.”

ஆடிட்டரம்மா சிரிக்கவில்லை. இதற்கெல்லாம் சிரிப்பு ஒரு கேடா என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இடப்பக்கம் ‘பொய்’, வலப்பக்கம் ‘நிஜம்’.

“பிரிச்சு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. விளக்கம் எழுதி அனுப்பிப் பார்க்கலாம்.”

முந்நூறு இடப்பக்கம் போனது. வலப்பக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதும்போதே வியாபாரியின் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“இது அத்தனையும் ஒரே கஸ்டமர் மேடம்! வெளியூர்க்காரர். பேரைக்கூட முழுசாப் போட மாட்டார், ரெண்டே எழுத்துதான். ஆர்டர் வரலைன்னா எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடும். வீட்ல தட்டு பறக்கும், ஒருத்தரும் நிம்மதியாத் தூங்க முடியாது. ரெண்டு நாள்தான். மூணாம் நாள் டாண்ணு அவர்கிட்டேருந்து ஆர்டர் வந்துடும். என்ன பொருத்தம் பாருங்க!”

“அதிசயம்தான்” என்றார் ஆடிட்டரம்மா.

“என் அருமை அவருக்குத் தெரியுது. இவளும் இருக்காளே! மரத்தூளைப் பெருக்கச் சொன்னாலே மூக்கால அழுவா.”

மனைவி ஃபைலை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“சரி, நூத்திப் பன்னெண்டுக்கு வரி ஒண்ணும் பெருசா வராது. ஆனா இதை நம்பி, இருக்கிற வேலையை மட்டும் விட்றாதீங்க.”

“விட்டாச்சே!” வியாபாரி காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். “காலைலதான் ராஜினாமாவை மேனேஜர் மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வந்தேன். இப்படி ஒரு கஸ்டமர் இருக்கிறப்ப இன்னொருத்தன்கிட்ட எவன் கைகட்டி நிப்பான்?”

“இன்னிக்குக் காலைலயா?” அங்கே வந்ததிலிருந்து மனைவி வாய் திறந்தது அப்போதுதான்.

“ஆமா. உன்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் விடணுமா?”

அவள் ஃபைலை மேசைமேல் வைத்தாள். புருஷனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தாளின் வலப்பக்கத்தில் விரலை வைத்தாள்.

“இதையும் அந்தப் பக்கமே எழுதிக்குங்க மேடம். வாங்கினது நான்தான்.”