பதினோராவது சிலையின் கைகள்

சிலை திறக்க வந்த தலைவர் பேசி முடிப்பதற்குள் பேண்டு வாத்தியக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் விடவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. என் காது எப்போதோ பாதி போய்விட்டது, அதனால் எனக்கு நஷ்டமில்லை. அவர் உதட்டைப் பார்த்தே முழுவதையும் படித்துவிட்டேன்.

இந்தச் சகோதரியின் ஒரு கை நெஞ்சில் இருக்கிறது, உழைப்பே உயிர் என்கிறது. மறு கை எதிர்காலத்தைக் காட்டுகிறது. இதைத்தான் இரண்டு தடவை சொன்னார்.

சகோதரி என்று அவர் சொன்னது சிலையை. பேருந்து நிலையத்திலிருந்து மில் கேட் வரைக்கும் ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்த பதினொரு சிலைகளில் அதுதான் கடைசி. எல்லாமே மூடிக்கிடந்த மில்லின் பழைய இரும்பில் செய்தவை. பஞ்சு மூட்டை தூக்குகிறவர், கொதிகலன்காரர், சாயப் பட்டறைக்காரர் என்று வரிசையாக வந்து, கேட்டுக்கு இருபது அடி முன்னால் தறிக்காரி நிற்கிறாள்.

மாதிரிக்கு நின்றவள் நான்தான். மூக்குக்கு மட்டும், நூலோடு குறுக்கே ஓடுகிற தறி நாடாவின் கூர்முனையை வைத்துவிட்டாள் சிலையைச் செய்த வெல்டர் பெண். எனக்கு அவ்வளவு எடுப்பான மூக்கு கிடையாது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கூட்டத்தில் நான் தேடியது ஒருத்தியை. என் எதிர்த்தறிக்காரி. பதினாறு வருஷம் எனக்கு நேர் எதிரே நின்று நெய்தவள். இருபத்திரண்டு வருஷமாக என்னோடு பேசாதவள்.

ஊர் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வருவாளா மாட்டாளா என்று காலையிலிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னூறு தறி ஓடுகிற இடத்தில் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அங்கே உதடும் கையும்தான் பேச்சு. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டினால் இழை அறுந்துவிட்டது.

கண்ணைத் தொட்டுத் தறியைக் காட்டினால், 'என் தறியைக் கொஞ்சம் பார்த்துக்கொள், ஒரு நடை போய்விட்டு வருகிறேன்.' எதிரே நிற்பவள் கையால் சரி சொன்னால்தான் இடத்தை விட்டு நகர முடியும். திரும்பி வந்ததும், பார்த்துக்கொண்டவளின் தோளில் ஒரு தட்டு. பின்னாலிருந்து கூப்பிட்டால்தான் கேட்காதே.

அங்கே சண்டை போடுவதும் சுலபம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் திருப்பிக்கொண்டது நான். சாப்பாட்டு நேரத்தில் என் புதுச் செருப்பைப் பார்த்து, வாத்து மாதிரி நடக்கிறேன் என்று நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

மதியம் அவள் கண்ணைத் தொட்டுத் தறியைக் காட்டினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அறுந்த இழை எதுவும் இல்லை.

கேட்டில் அவளுடைய அப்பா வந்து நின்றிருந்தார் என்று எனக்குத் தெரியாது. மகன் வீட்டுக்குப் போகிற வழியில், மகளை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவளைப் பார்க்காமலே போய்விட்டார். போன இடத்தில் ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

பேசிவிட எத்தனையோ முறை போனேன். முகத்தைத் திருப்பிக்கொள்வது இப்போது அவள் முறை. நியாயம்தானே.

"தறியில இப்படித்தான் நிப்பீங்களாக்கா?" என்று, சிலைக்கு நான் நின்று காட்டியபோது வெல்டர் பெண் கேட்டாள்.

"இப்படியேதாம்மா," என்று கூசாமல் புளுகினேன். இரண்டு கையையும் தறியிலிருந்து எடுத்துவிட்டு எவள் நெய்வாள்?

என் எதிர்த்தறிக்காரி வந்தாள்.

தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் காய்கறிப் பை. ஏதோ கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பவள் போலக் கூட்டத்தின் ஓரமாக நின்றாள். பழைய தறிக்கூடத்துப் பெண்கள் நாலு பேர் அவளைப் பார்த்துவிட்டுச் சிலையைப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியை முழங்கையால் இடித்தாள்.

அவள் சிலையின் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தலைவரின் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை. எங்கள் தறிக்கூடத்தில் நெஞ்சில் வைத்த கைக்கு உழைப்பு என்றும் அர்த்தமில்லை, உயிர் என்றும் அர்த்தமில்லை. 'நான் இருக்கிறேன்.' நீட்டிய கை எதிர்காலத்தையும் காட்டவில்லை. 'நீ போ.'

நீட்டிய கை கேட்டைக் காட்டியது. அந்தக் கோணம் சரியாக வருவதற்கு நான் வெல்டர் பெண்ணை மூன்று நாள் படாத பாடு படுத்தியிருந்தேன்.

அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். முகத்தைத் திருப்பிவிடுவாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. என் கை தானாக நெஞ்சுக்குப் போனது. இன்னொரு கையைத் தூக்கவில்லை, அதைத்தான் சிலை நீட்டிக்கொண்டிருந்ததே.

பையைச் சிலையின் காலடியில் வைத்தாள். கேட்டை நோக்கி நடந்தாள்.

போய்க் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது வரைதான் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கக் கூடாது. தறியைப் பார்த்துக்கொள்கிறவள் தறியைத்தான் பார்க்க வேண்டும். நான் சிலையையும் பையையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேண்டு நின்றிருக்க வேண்டும். வாத்தியக்காரர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். தலைவர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். கூட்டம் கலைந்தது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும், மேலேயும் இருக்கலாம்.

என் தோளில் ஒரு தட்டு விழுந்தது.