பச்சைப் புள்ளி

மத்தியானத் துறைமுகம் சத்தமே இல்லாமல் கிடக்கிறது. காவல்காரன் நான், துறைமுகக் கந்தோரின் கதவோரம் நிற்கிறேன். படகுச் சேவை நின்றதால் பள்ளிக்கு வர ஏலாத மூதூர்ப் பிள்ளைகளுக்குக் குணமணி ரீச்சர் உள்ளே கம்பியூட்டரில் பாடங்களை அடுக்கி வைக்கிறா. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, ஷெல் விழுந்த நாளிலிருந்து தகவலில்லாத றுக்கியா; திரையில் அவளின் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளியொன்று எரிகிறது. “ஐயா, உயிரோட இருக்கிறாள்! பாடத்தைத் திறந்திட்டாள்!” ரீச்சரின் கண் கலங்குகிறது. எனக்கு இந்தப் பெட்டியில் நம்பிக்கை கிடையாது. “அவள்தான் எண்டு ஆர் கண்டது, பிள்ளை?” திரையில் ஒரு வரி வருகிறது: ‘மிஸ், இப்ப அங்க ஆரார் இருக்கிறீங்கள்?’ ரீச்சரின் கை அப்படியே நிற்கிறது. “றுக்கியா ஒருநாளும் என்னை மிஸ் எண்டதில்லை. ரீச்சர் எண்டுதான் கூப்பிடுவாள்.” நான் வயரைப் பிடுங்குகிறேன். மேசைக்குக் கீழே, கறண்ட் போனாலும் கம்பியூட்டரை ஓடவைக்கிற பற்றரிப் பெட்டி கீக்கீக் என்று கத்துகிறது. திரை அணையவில்லை. பச்சைப் புள்ளி பதிலுக்குக் காத்திருக்கிறது.