தடை நீங்கிய மெட்டு

ஒத்திகை தொடங்கும் முன் தொலைபேசி வந்தது. மேலிடத்தில் தடையை எடுத்துவிட்டார்களாம். இன்று மாலையே அந்த அணிவகுப்பு இசையை வாசிக்கலாமாம்.

எங்கள் இசை நடத்துநர் ஸினோவி மகாரோவிச் தொலைபேசியை வைத்தார். இசைத்தாள்களைக் கொண்டுவரும்படி என்னிடம் சொன்னார். குழுவின் தாள்களுக்கெல்லாம் நான்தான் பொறுப்பு.

நான் நகரவில்லை.

அது கொசாக் குதிரைவீரர்களின் பழைய மெட்டு. பார்வையற்ற ஒருவர் சந்தையில் உட்கார்ந்து பண்டூரா என்ற உக்ரைன் நரம்புக் கருவியில் மீட்டிக்கொண்டிருந்தார். ஸினோவி அதைக் கேட்டு வந்து எங்கள் குழுவுக்காக எழுதினார். கீவில் முதல்முறை வாசித்தபோது அரங்கமே எழுந்து நின்றது.

அதுதான் வினையாகப் போனது. உக்ரைன்காரர்கள் இப்படி எழுந்து நிற்பது எங்களை ஆளும் மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை.

தடை விழுந்து பத்து வருடமாகிவிட்டது.

"தாள் எதுவும் இல்லைங்க. எரிக்கச் சொன்னாங்க. கொதிகலன் அறையில நானே எரிச்சுட்டேன். எரிச்சாச்சுன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன்."

நாற்பது பேர் முன்னால் சொன்னேன். ஸினோவி கடிகாரத்தைப் பார்த்தார். மாலைக்குள் நாற்பது பேருக்கு யார் உட்கார்ந்து எழுதுவது?

அப்போது பண்டூராக்காரி லுக்கேரியா, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், நரம்புகளைத் தொட்டாள்.

அதே மெட்டு.

ஒரு புல்லாங்குழல் சேர்ந்துகொண்டது. பிறகு வயலின்கள். பிறகு எல்லோரும்.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, தனித்தனியாக, பத்து வருடம் வாசித்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் போய்ச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் யாரும் யாரிடமும் மூச்சுவிடவில்லை. இப்போது வாசித்தபடியே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். லுக்கேரியாவுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை.

"அடப் பாவிங்களா, எல்லாருமா?" என்றார் ஸினோவி. கோலை எடுக்கவே மறந்துபோனார்.

பெரிய முரசு மட்டும் சும்மா இருந்தது. அதை அடித்தவர் போன குளிர்காலத்தில் இறந்துவிட்டார். புதிதாக வந்தவருக்கு இந்த மெட்டே தெரியாது, விழித்துக்கொண்டிருந்தார்.

நான் போய் அவர் கையிலிருந்து அடிகோலை வாங்கினேன். முடியும்வரை ஓர் அடிகூடப் பிசகவில்லை.

பத்து வருடம் முன்பு, அன்று, தாள்களை ஒரே கட்டாகத் தீயில் போடத்தான் உத்தரவு. பத்து நிமிட வேலை. எனக்குக் காலையிலிருந்து மாலைவரை ஆனது.

ஒவ்வொரு தாளையும் மனப்பாடமாகும்வரை படித்துவிட்டுத்தான் போட்டேன்.