கம்பி போட்ட பல்லுக்கு ஒரு பிரஷ்

"கம்பி போட்ட பல்லைத் தேய்க்கிற மாதிரி ஒரு பிரஷ் குடுங்க."

ராபர்ட்சன்பேட்டைக் கடையில் சோப்பு வாங்க நின்ற முனிரத்தினம் திரும்பிப் பார்த்தார். கேட்டவன் ஒரு வாலிபன். கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தான்.

முனிரத்தினத்துக்குத் தெரிந்து இந்த ஊரிலேயே பல்லுக்குக் கம்பி போட்டவள் அவர் மகள் கண்மணி ஒருத்திதான். பெங்களூர் டாக்டர் போட்டது. அதைக் கழற்றியதும், தை மாதம், அவருடைய அக்கா மகனோடு கல்யாணம்.

"எந்த ஊருப்பா நீ?"

"பங்காருபேட்டைங்க."

"அங்க இல்லாத பிரஷ்ஷா? யாருக்கு வாங்குற?"

அவன் கைக்குட்டையை வாயில் இன்னும் அழுத்திக்கொண்டான்.

ஷிப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து வருகிறவர்கள் தங்கத்தை ஒளித்து எடுத்துவருகிறார்களா என்று வாசலில் சோதிப்பது முனிரத்தினத்தின் வேலை. பழக்கத்தில் அதட்டல் தானாக வந்துவிட்டது.

"கைய எடு. வாயத் தொற."

அவன் திறந்தான். மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டிலும் கம்பி.

முனிரத்தினத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இதுக்குப் போயி இன்னாத்துக்குப்பா வெக்கம்?" என்று அவன் தோளைத் தட்டினார். பிரஷ்ஷையும் அவரே பொறுக்கிக் கொடுத்தார்.

"தலை சின்னதா இருக்குது பாரு, நாரும் மெத்துனு இருக்கும். இத்த சாய்ச்சுப் புடிச்சு, கம்பிக்கு அடியில தேய்க்கணும். எம் பொண்ணும் இதான் வெச்சிருக்கா."

"ரெண்டா குடுங்க" என்றான் அவன் கடைக்காரரிடம்.

"ஒருத்தனுக்கு ரெண்டு எதுக்குப்பா?"

"கண்மணியோடது தேஞ்சுபோச்சாம், மாமா."