பிடி நழுவிய கிளாம்ப்

"கிளாம்ப்பை ஒழுங்கா இறுக்கத் தெரியாத ஆளுன்னு அவரைப் பத்திச் சொன்னது யாரு? நீங்கதானே?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்து நின்ற பெண்மணியை மானேஜர் ஏற இறங்கப் பார்த்தார். கசங்கிய உடை, சரியாக வாராத தலை, தூக்கம் காணாத கண்கள். கிளாம்ப் விஷயமாக ஒரு அம்மா வந்திருப்பதாக வாசலிலிருந்து போன் வந்தபோதே அது யார் என்று அவர் ஊகித்துவிட்டார். கிளாம்ப்பிலிருந்து பலகை நழுவி, மரத்தைக் குடையும் ரூட்டர் மெஷினில் விரல்களைப் பறிகொடுத்த தச்சரை, அஜாக்கிரதை என்று சொல்லி வேலையை விட்டு நிறுத்தியிருந்தார். வீட்டுக்காரி வந்து அழுது தீர்ப்பாள் என்று எதிர்பார்த்ததுதான். ஆனால் இவள் அழ வந்தவளாகத் தெரியவில்லை. நாலு பேர் முன்னால் மானத்தை வாங்க வந்தவளாகத் தெரிந்தாள்.

"உட்காருங்கம்மா. நிதானமாப் பேசுவோம்."

"உட்கார்றதுக்கு நான் வரல. அந்த மனுஷன் கையில கட்டோட ஆஸ்பத்திரியில கிடக்கிறார். நீங்க என்னடான்னா, தப்பெல்லாம் அவர் தலையில கட்டிட்டு ஏசி போட்டு உட்கார்ந்திருக்கீங்க. வாய் கூசல?"

மானேஜருக்குச் சுருக்கென்றது. அந்தக் கிளாம்ப் மேஜை மேலேயே கிடந்தது. திருகித் திருகி இறுக்குகிற பழைய ரகமல்ல. ஒரு கையால் விசையை அழுத்தினால் போதும், தாடை கம்பியில் ஓடிவந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று அவரே ஆசைப்பட்டுத் தொழிற்சாலை முழுக்க வாங்கிப் போட்டது. அதைக் குறை சொன்னால் அவரைக் குறை சொன்ன மாதிரி.

"இதைச் செய்யிற பட்டறையிலிருந்தே நேத்து ஆள் வந்தாரும்மா. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளாம்ப்ல ஒரு குறையும் இல்ல, இறுக்கினவர்தான் சரியா இறுக்கலைன்னு என் முன்னாடி சத்தியம் பண்ணிட்டுப் போனார். அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

"பொய்! வாயைத் திறந்தா பொய்! அவன் நாக்கு அழுகிப் போக!"

"மரியாதையாப் பேசுங்கம்மா. முன்னப்பின்ன தெரியாத மனுஷரை அவன் இவன்னு..."

"அவனுக்கு இந்த மரியாதை போதும். உள்ளே கம்பியைக் கவ்விப் பிடிக்கிற தகடு இருக்கு பாருங்க, அதை உலையில போட்டுக் கெட்டிப்படுத்தணும். சரக்கு சீக்கிரம் போகணும்னு அதைச் செய்யாமலே அனுப்பிட்டாங்க. தகடு பஞ்சு மாதிரி இருக்கு. மெஷின் அதிர அதிர வழுக்காம என்ன செய்யும்?"

யாரோ நன்றாகச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று மானேஜர் முடிவு கட்டினார். யூனியன்காரர்களாக இருக்கும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. நானும் பிள்ளைகுட்டிக்காரன்தான். வேணும்னா பேக்கிங்ல உங்களுக்கு ஒரு வேலை போட்டுத் தரச் சொல்றேன்."



"எனக்கா? எனக்கு எதுக்கு சார் வேலை? அவரோட வேலையை அவருக்குத் திருப்பிக் கொடுங்க. அவர் மேல போட்ட பழியை எடுங்க. அதுக்கும் முன்னாடி, இதே கிளாம்ப்பை மாட்டிக்கிட்டு அங்கே இன்னும் வேலை நடக்குது, அதை நிறுத்துங்க!"

'என் தொழிற்சாலையில் எனக்கே உத்தரவா?' என்று மானேஜர் கொதித்து எழுவதற்குள் அவள் கிளாம்ப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அங்கே இருந்த மரப்பலகை ஒன்றை மேஜை விளிம்பில் வைத்து, விசையை அழுத்தி இறுக்கினாள். பலகை அசையவில்லை.

"பிடிச்சு இழுங்க சார்."

இழுத்தார். அசையவே இல்லை.

"பார்த்தீங்களாம்மா? இரும்புப் பிடி! இதைப் போய்..."

"இருங்க."

பேப்பர் வெயிட்டை எடுத்துக் கிளாம்ப்பின் கம்பி மேல் தட்டினாள். மெஷின் ஓடுகிற வேகத்தில் விடாமல் படபடவென்று தட்டினாள். மேஜையில் இருந்த டீ டம்ளர் துள்ளியது. பேனாக்கள் உருண்டன. முதலில் ஒன்றுமில்லை. பிறகு தாடை மெல்லக் கீழே இறங்கியது. அடுத்த தட்டில் சட்டென்று பிடி விட்டு, பலகை சுழன்று மானேஜரின் காலடியில் விழுந்தது.

"நல்லா இறுக்கியிருந்தேனா இல்லையா? இழுத்துப் பார்த்தது நீங்கதானே?" அவள் பலகையை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "சந்தேகமா இருந்தா மறுபடி மாட்டறேன். பக்கத்துல மெஷினை ஓட்டுங்க, உங்க கையை வைங்க. வைப்பீங்களா?"

மானேஜர் தன்னையறியாமல் கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மறு கையால் போனை எடுத்தார். "போர்மேன், எல்லா மெஷினையும் நிறுத்துங்க. புதுக் கிளாம்ப் ஒண்ணு விடாம கழட்டி ஸ்டோர்ல போட்டுப் பூட்டுங்க. ஏன் எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். "தப்புதாம்மா. அவருக்கு வேலை உண்டு. வைத்தியச் செலவும் கம்பெனிதான் பார்க்கும். நானே ஆஸ்பத்திரிக்கு வந்து அவர்கிட்ட மன்னிப்புக் கேட்கறேன். இப்படி ஒரு சம்சாரம் கிடைக்க அவர் கொடுத்து வச்சிருக்கணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பியூன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"சார், விரல் போச்சே நம்ம தச்சருக்கு, அவரோட சம்சாரம் வந்து அழுதுகிட்டு நிக்கிறாங்க. உள்ளே விடட்டுமா?"

மானேஜர் பியூனைப் பார்த்தார். எதிரே நிற்பவளைப் பார்த்தார்.

"அப்போ... நீங்க யாரும்மா?"

"நேத்து உங்க முன்னாடி சத்தியம் பண்ணினானே, அவனோட அக்கா. பட்டறை என்னோடது சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள். "அந்த அம்மாவை உள்ளே கூப்பிடுங்க, அவங்க திட்டவேண்டியது என்னைத்தான்."