பெயரில்லாத பிள்ளை

விடிந்தும் மழை விடவில்லை. பிள்ளைக்கு ஆயுள் நீள வேண்டும் என்று தாவோ மதப் பூசாரி எழுதிக் கொடுத்த மஞ்சள் காகிதம் தொட்டிலுக்கு மேலே ஈரக்காற்றில் படபடக்கிறது. தொட்டில் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காலி. வாசலோரம் உட்கார்ந்திருக்கும் புத்த பிக்கு தூரிகையை மையில் தோய்த்துவிட்டு, "பேரச் சொல்லும்மா, எழுதிட்டு ஓத ஆரம்பிக்கிறேன்" என்கிறார். ரூனியாங் கணவனைப் பார்க்கிறாள். வாத்தியார் காவ் ஷன் கன்பூசியஸ் வகுத்த முறையில் மயிரிழையும் பிசகாதவன். மூன்று மாதம் நிறைந்தால்தான் பிள்ளைக்குப் பெயர். பெயர் வைக்காத பிள்ளைக்காக அழவும் கூடாது. மூன்று மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"பேரு வைக்கல சாமி. நீங்க கிளம்புங்க" என்கிறான் காவ் ஷன். தூரிகை நுனியிலிருந்து மை வெற்றுத்தாளில் சொட்டுகிறது. "வைக்கலதான். ஆனா எழுதி வெச்சிருக்கீங்களே! எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டேன்" என்கிறாள் ரூனியாங். கட்டிய பால் கசிந்து அவள் மேலாடை நனைகிறது. அவன் அங்கியின் கைக்குள்ளிருந்து மடித்த சிவப்புத் தாளை எடுக்கிறான், பிரிக்கிறான். எழுதியதன் மேல் விரலை ஓட்டுகிறான். தாளைக் கணப்பில் போட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். தாள் சுருண்டு கருகுகிறது. கரியின் மேல் இரண்டு எழுத்துகள் ஒரு நொடி வெள்ளையாகத் துலங்குகின்றன. ரூனியாங் தீயருகே குனிந்து மகனின் பெயரைப் பார்க்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.