மருந்து இல்லாத தோட்டா

மொன்டானாவின் அக்டோபர் வெயில் பாதி உயர்த்திய கராஜ் கதவுக்கடியில் நுழைந்து ஆரினின் பூட்ஸ்வரை வந்து நிற்கிறது. மேஜைமேல் பக்கத்து வீட்டு லோர்னாவின் ரிவால்வர் கிடக்கிறது. அவள் பிறந்தநாளுக்கென்று அவன் தன் கையால் செய்து கொடுத்த தோட்டாக்களில் ஒன்றின் ஈயக் குண்டு, குழலுக்குள் பாதி வழியில் சிக்கியிருக்கிறது. சத்தம் சன்னமாகக் கேட்டதுமே அவள் சுடுவதை நிறுத்திவிட்டாள். இன்னொரு முறை விசையை இழுத்திருந்தால் குழல் அவள் கையிலேயே வெடித்திருக்கும். மிச்சத் தோட்டாக்களை ஆரின் ஒவ்வொன்றாகச் சுத்தியல் போன்ற கருவிக்குள் செருகித் தட்டிப் பிரிக்கிறான். குண்டு கழல்கிறது, கூடவே வெடிமருந்து சலசலவென்று கொட்டுகிறது. அடுத்ததில் குண்டு மட்டும் விழுகிறது, அதைத் தள்ள உள்ளே மருந்தே இல்லை. காலிப் பித்தளைக் கூட்டை லோர்னா வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்.

“மருந்து போடறப்ப டிவியில ஹாக்கி ஓடிச்சாக்கும்?”

“ஃபுட்பால்.”

“நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்களா?”

“இல்ல.”

அவள் சிரித்துவிடுகிறாள். ஆரினின் காதுமடல்கள் சிவக்கின்றன. அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைக் காட்டி, “அதெல்லாம் யாருக்கு?” என்கிறாள்.

“எனக்கு.”

“அதையும் உடைச்சுப் பாத்துடுப்பா. உன் கையும் கைதானே.”

“வேணாம் லோர்னா,” என்கிறான், தலை நிமிராமல். “அதையெல்லாம் மருந்து சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணா எடை போட்டுப் பாத்துத்தான் வச்சேன்.”

அவள் சிரிப்பு நின்றுவிடுகிறது.

“அப்ப எனக்குக் குடுத்தது?”